வெளியே போனீங்களா?

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் வெள்ளைத் தொப்பி வைத்த தலை, சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காகிதத்தை எடுத்து வைத்தால் பேனா ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறது. கழிவறைக்கு. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். பெண்கள் வார்டில் வேலைக்கு வந்துவிட்டு மலம் என்ற சொல்லுக்கு முகம் சுளிப்பது, மீன் கடை போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வது மாதிரி.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. ஃபேரர் பார்க் பக்கம் அப்பாவோடு இருந்தேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்தவர். அம்மா, நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த வருடமே போய்விட்டார். எங்கள் வீட்டில் பேசியது யாழ்ப்பாணத் தமிழ். வார்டில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் சிராங்கூன் ரோட்டுப் பெண்கள், தஞ்சாவூர் திருச்சிப் பக்கத்துப் பேச்சு. நான் வாயைத் திறந்தால் கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு ஓடும். "மிஸ்ஸி பேசறது பாட்டுப் படிக்கிற மாதிரியே இருக்குல்ல" என்பார்கள். நர்ஸ் என்றால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் மிஸ்ஸிதான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அதனால் என் பேச்சைச் செதுக்க ஆரம்பித்தேன். 'ஓம்' போய் 'ஆமா' வந்தது. 'கதைக்கிறது' போய் 'பேசறது' வந்தது. சிரிப்பு நின்றது, நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் செதுக்கிய சொற்களில் ஒன்றினால்தான் ஒரு பெண்ணுக்குக் கப்பல் தவறிப்போனது.

அவர் பெயர் பாக்கியம். நாற்பதைத் தாண்டியவர். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் மிளகாய், மல்லி அரைக்கும் மில்லில் மூட்டை தூக்கி, சலித்துக் கட்டும் வேலை. ஆஸ்பத்திரியில் குளிக்கவைத்து வேறு துணி உடுத்தின பிறகும் அவரிடம் மல்லி வாசம் இருந்தது. கணவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. ஒரே மகள் ருக்மணி. சண்டை மூளுவதற்குச் சற்று முன்னால், ஐந்து வயதில், ஆறு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று நாத்தனாரோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் பதினாறு வருடமாகிவிட்டது.

சண்டை முடிந்த பிறகாவது ஏன் போகவில்லை என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்றார். கர்ப்பப்பை இறங்கி, பெண்ணுறுப்பின் சுவர்களும் தளர்ந்து வெளியே பிதுங்கியிருந்தது. "அடி இறங்கிடுச்சு" என்பார்கள் நம் பெண்கள். பிள்ளை பெற்ற உடம்பு மூட்டையும் தூக்கினால் அதுதான் நடக்கும். அந்த நிலையில் எட்டு நாள் கப்பலா என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. நானும் அதைக் கேட்கவில்லை. வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் என்னை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு கேட்டதெல்லாம் எத்தனை பிரசவம், எத்தனை வருடமாக இறங்கியிருக்கிறது, சிறுநீர் சிந்துகிறதா, அவ்வளவுதான்.

இப்போது அவரை ஆஸ்பத்திரிக்கு வரவைத்தது ஒரு கடிதம். ருக்மணிக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒரு கப்பல், அதில் போனால் பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்று வாரம் இங்கே, பத்து நாள் வீட்டில் ஓய்வு, பிறகு போகலாம் என்று பெரிய டாக்டர் ஒப்புக்கொண்டார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கமில்லையா? பாக்கியம் அதைத்தான் என்னிடம் சொன்னார்: "வீட்டத்தான் குடுக்க முடியல மிஸ்ஸி. தாயையாவது கொண்டுபோய்க் குடுத்துடணும்."

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கர்ப்பப்பையைத் தூக்கித் தைத்து, முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைத்தார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் மலக்குடல். அங்கே தையல் போட்ட பெண்ணுக்கு மலம் இறுகக் கூடாது, முக்கக் கூடாது. முதல் மூன்று நாள் நீர் ஆகாரம். நான்காம் நாளிலிருந்து தானாகப் போனால் சரி, போகாவிட்டால் எண்ணெய் மருந்து கொடுக்க வேண்டும். இதற்காகக் கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையில் ஒரு கட்டம் உண்டு. தினமும் காலையில் கேட்டுவிட்டு அதில் குறி போடுவது என் வேலை.

எங்கள் வீட்டில் அதற்கு 'வெளிக்குப் போறது' என்று பெயர். சிறுவயதில் காலையில் எழுந்தவுடன் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "வெளிக்குப் போனனியோ?" என்பதுதான். அந்தச் சொல்லை வார்டில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அதையும் செதுக்கினேன். 'வெளிக்கு' என்பதை 'வெளியே' ஆக்கினேன். மற்றப் பெண்கள் இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அந்த மாதம்தான் ஒரு புது உத்தரவு வந்திருந்தது. ஆபரேஷன் ஆனவர்கள் படுத்தே கிடக்கக் கூடாது, நான்காம் நாளே எழுந்து வெளி வராந்தாவரை மெதுவாக நடக்க வேண்டும். அதைப் பாக்கியத்திடம் சொன்னவளும் நான்தான்.

நான்காம் நாள் காலை கேட்டேன், "வெளியே போனீங்களா?"

"போனேன் மிஸ்ஸி."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல மிஸ்ஸி. காத்து நல்லா இருந்துச்சு."

குறி போட்டேன். அதோடு விட்டேனா? பக்கத்திலேயே, வாயு நன்றாகப் பிரிகிறது என்றும் எழுதிவைத்தேன். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள், இங்கே எழுதியவள் ஆளையே கெடுத்தாள். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள், அதே கேள்வி, அதே பதில், அதே குறி. பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்தார், எண்ணெய் மருந்து தேவையில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த நான்கு நாளும் பாக்கியம் என்னிடம் கப்பலைப் பற்றித்தான் பேசினார். மகளுக்கு வலது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருக்கிறது, துறைமுகத்தில் எத்தனை பேர் நின்றாலும் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்றார். ஐந்து வயதில் பார்த்த மச்சம்.

எட்டாம் நாள் காலையில் அவர் கஞ்சியைத் தொடவில்லை. நெற்றியில் வேர்வை. படுக்கைத் துணியில் தண்ணீராகக் கறை. சின்ன டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார். நான்கு நாள் ஒழுங்காகப் போயிருக்கிறது, இன்று தண்ணீராகப் போகிறது, எனவே பேதி என்று முடிவு செய்து, வயிற்றைக் கட்டுவதற்கு மருந்து எழுதினார். எழுதிவிட்டு ஆபரேஷன் அறைக்கு ஓடிவிட்டார். அட்டையை நம்பினால் அந்த முடிவில் குற்றம் சொல்ல முடியாது. அந்த மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு நான் போனபோது பாக்கியம் கட்டிலில் இல்லை.

குளியலறைக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கை சட்டத்தில், ஒரு கை புடவை மடிப்பில், அந்தக் கையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பேதியானவள் இப்படி நிற்க மாட்டாளே என்று எனக்கு உறுத்தியது.

நாலு நாளாக நன்றாகத்தானே போனது, இன்றைக்கு என்ன என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எது மிஸ்ஸி போச்சு?" என்றார்.

"வெளியே போனேன்னு தினமும் சொன்னீங்களே."

"போனேனே. நீங்க சொன்னபடி வராந்தா வரைக்கும் போய்ட்டு வந்தேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கொல்லைக்குப் போனியான்னா கேட்டீங்க? ஆபரேசன் ஆனதுலேருந்து போவலயே. தையல்ல கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கை இல்லாம எப்படி மிஸ்ஸி போறது?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவர் பத்து வருடம் மறைத்தது வெளியே வந்தது. பின்சுவர் தளர்ந்த பெண்களுக்கு மலக்குடல் முன்பக்கமாகப் பிதுங்கி ஒரு பை போல நிற்கும். முக்கினால் மலம் கீழே இறங்காமல் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண்ணுறுப்பின் உள்ளே விரலை விட்டு அந்தச் சுவரைப் பின்னால் அழுத்திப் பிடித்தால்தான் போகும். பாக்கியம் பத்து வருடமாக அப்படித்தான் போனார். அரை மணி நேரம் ஆகும். கீழே கடை, மேலே குடித்தனமாக அவர் இருந்த கடைவீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரு வாளிக் கக்கூஸ், வெளியே நின்று கதவைத் தட்டுவார்கள். எட்டு நாள் கப்பலில், நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் எப்படிப் போவது என்று பயந்துதான் அவர் சண்டை முடிந்தும் கப்பல் ஏறவில்லை. மகளைப் பார்க்க விடாமல் பத்து வருடம் பிடித்து வைத்திருந்தது கடலல்ல, அதுதான்.

இப்போது உள்ளே எட்டு நாள் மலம் கல்லாக இறுகியிருந்தது. அதைச் சுற்றிக் கசிந்த தண்ணீரைத்தான் பேதி என்று நினைத்திருக்கிறோம். என் கையில் வயிற்றைக் கட்டும் மருந்து. அதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு வந்த முதல் எண்ணம் நல்ல எண்ணமல்ல. கிண்ணத்தைக் கொட்டிவிடலாம், யாருக்கும் தெரியாமல் நானே எனிமா கொடுத்துவிடலாம், நான்கு குறிகளும் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. என் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஆனால் பச்சைத் தையல் உள்ள இடத்தில், டாக்டருக்குத் தெரியாமல் எனிமா கொடுத்துத் தையல் முழுக்கக் கிழிந்தால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இதை மறைக்க முடியாது. அட்டையைக் கழற்றிக்கொண்டு வார்டு சிஸ்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். கண்டிப்புக்குப் பேர்போன அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார். நான்கு குறியையும் நானே அடித்தேன்.

பெரிய டாக்டர் வந்ததும், நீ என்ன கேள்வி கேட்டாய் என்று விசாரித்தார். 'வெளிக்கு' என்பதற்கும் 'வெளியே' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் நான் பட்ட பாடு. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெதுவெதுப்பான எண்ணெயை உள்ளே செலுத்தி ஊறவைத்து, இரண்டு நாள், சிறிது சிறிதாக, சிஸ்டர் தன் விரலாலேயே எடுத்தார். நான் பாக்கியத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மில்லில் மிளகாய் பட்டுப் பட்டுத் தடித்த கைகள். அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கப்பல் என்றைக்கு என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு கவனமாக இருந்தும் பின்சுவரில் சில தையல்கள் விட்டுப்போயின. புண் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகும், பயணம் கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

கப்பல் புறப்பட்ட அன்று பகல் அவர் வராந்தாவில் நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதற்குள் அவரே பேசினார்.

"நீங்க வெளியன்னீங்க, நான் வெளிய போனேன். இதுல யாரை மிஸ்ஸி திட்டுறது?" சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு கடல் இருக்கும் திசையில் பார்த்துக்கொண்டே சொன்னார், "வலி எடுத்தா அந்தப் புள்ள அம்மான்னுதான கத்தும். மொகமே தெரியாத அம்மாவ."

நான் அழுதேன். யூனிஃபார்ம் போட்டவள் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அழுதேன்.

ருக்மணிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று பிறகு கடிதம் வந்தது. பாக்கியம் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே சோதனைக்கு வந்தார். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எதுவும் இறங்கவில்லை, பின்சுவர் ஓரளவு நன்றாகவே கூடிவிட்டது என்று திருப்தியோடு கை கழுவப் போனார். அவருக்கு அந்தக் கதை அங்கே முடிந்தது. திரையை இழுத்துவிட்டு நான் குனிந்து கேட்டேன், கொல்லைக்குப் போக இன்னும் கை வேண்டியிருக்கிறதா என்று. முதல்முறையாகச் சரியான சொல்லில் கேட்டேன். "சில நாள் வேணாம் மிஸ்ஸி. சில நாள் வேண்டியிருக்கு. வலிக்குது, அதான் பயமா இருக்கு" என்றார். சுவர் சரியாகிவிட்டது என்பதும் அந்தப் பெண்ணுக்குச் சரியாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. அன்றைக்குத்தான் எனக்கு இது உறைத்தது.

அதன் பிறகு நான் பார்த்த பெண்களில் பலருக்கு இந்த ஆபரேஷனால் கையின் தேவையே போய்விட்டது, கோவிலில் வேண்டுதல் செலுத்தப் போனார்கள். சிலருக்கு இறக்கம் நின்றது, மலச்சிக்கல் அப்படியே இருந்தது. அவர்களுக்குக் குடலே மந்தம், சுவரைத் தைத்து அதை எழுப்ப முடியாது. இன்னும் சிலருக்கு இறுக்கித் தைத்ததில் முன்பு இல்லாத வலி புதிதாக வந்தது. அதனால் எந்தப் பெண்ணுக்கும், எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கேளுங்கள், பின்னாலும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் அதற்கு என்ன சொல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருத்தி கொல்லைக்கு என்பாள், ஒருத்தி ரெண்டுக்கு என்பாள். மலாய்க்காரப் பெண்கள் தங்கள் பாஷையில் 'பெரிய தண்ணி' என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் யாராவது படுத்திருந்தால் வெளிக்கு என்பாள். அந்தச் சொல்லைக் கேட்கிற அன்றைக்கெல்லாம் எனக்கு அம்மா நினைவு வந்துவிடும். அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல்லை ஏன் அப்படி வெட்கப்பட்டு மறைத்தேன் என்று இன்றும் என்மேலேயே எனக்குக் கோபம்.

எட்டு மாதம் கழித்துப் பாக்கியம் கப்பல் ஏறினார். நான் லீவு எடுத்துக்கொண்டு தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போனேன். தகரப் பெட்டி, பேத்திக்குச் சட்டை வைத்த ஒரு மூட்டை, புதிதாக வாங்கிய குடை. மலத்தை இளக்கும் எண்ணெய் மருந்து ஒரு பாட்டில் கொடுத்தேன். அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, "எட்டு நாளு மிஸ்ஸி, எப்படி இருக்கப் போவுதோ" என்றார். போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், அது எப்படிப் போனது என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியாதே. ருக்மணிதான் எழுதணும்" என்று தயங்கினார். "இத்தன வருசம் கழிச்சுப் பாக்கற புள்ளகிட்ட, எடுத்த எடுப்புலயா அந்தப் பேச்சு?"

அதுவும் நியாயம்தான். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

மாதங்கள் போயின. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். யாரோ காதலன் எழுதுகிறான் என்று அப்பா சந்தேகப்பட்டார். வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டில் நடக்கும்போது அந்த மில் வாசலில் கால் தானாக நிற்கும். மல்லி வாசம் வரும், பாக்கியம் வர மாட்டார். அவர் திரும்பி வரவே இல்லை, பேத்தியோடு அங்கேயே தங்கிவிட்டார். அறுபதுகளில் மில்லும் இடம் மாறிப் போனது. இன்றைக்கும் எங்காவது மல்லி வறுத்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னும் ஒரே ஒரு தடவை, சரியான சொல்லில், கேட்க வேண்டும் போல ஏக்கமாக இருக்கிறது.

எனக்குக் கடிதம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. ருக்மணியின் முத்து முத்தான கையெழுத்து. எல்லாரும் சுகம், குழந்தை அம்மாவின் மடியை விட்டு இறங்குவதில்லை என்று எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி இருந்தது:

"அம்மா உங்களுக்கு ஒரு விஷயம் எழுதச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அப்படியே எழுதுகிறேன். கப்பலில் எட்டு நாளும் காலையில் வெளியே போனாராம். கை எதுவும் வேண்டியிருக்கவில்லையாம். காற்றும் நன்றாக இருந்ததாம். ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேனா என்று பார்க்க, எழுத்துத் தெரியாத அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்."